பூஜை போடாத ஹெல்மெட்

என் பெயர் பாண்டிச்செல்வி, வயது 23. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். தற்சமயம் மண்ணூரில் கன்னியப்பன் என்பவர் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். என் கணவர் பேச்சிராஜ், வயது 27, ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் லைனில் வேலை பார்த்து வந்தார்.

14.06.2005 செவ்வாய்க்கிழமை அவருக்கு இரண்டாம் ஷிப்ட் என்பதால், முந்தின நாள் எடுத்த புது மோட்டார் சைக்கிளுக்குப் பூஜை போட இருவரும் காலையில் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் புறப்பட்டோம். ஷோரூமில் வண்டியோடு ஒரு ஹெல்மெட்டும் கொடுத்திருந்தார்கள். அவர் அதை மாட்டப் போனார். புதுச் சாமான் எதுவானாலும் சாமி காலடியில் வைத்த பிறகே எடுப்பது எங்கள் வழக்கம் என்பதால், “சாமிகிட்ட வச்சுட்டு மாட்டிக்கிடுங்க, வரும்போது போட்டுட்டு வரலாம்லா” என்று நான்தான் தடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, “சரிட்டி, ஒம் முருகனுக்கே மொத மரியாதை” என்று கொடுத்துவிட்டார். அதன்பின் தேங்காய், எலுமிச்சம்பழம், மாலை எல்லாவற்றையும் அந்த ஹெல்மெட்டுக்குள் வைத்து, மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒருபக்கமாக உட்கார்ந்து போனேன்.

அதன்பின் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரகடம் போகும் சாலையில் ஒரு புதுக் கம்பெனி வாசலில் வேகத்தடை இருந்தது. வெள்ளைக் கோடு இல்லை, போர்டு இல்லை. முந்தின வாரம் அது அங்கே கிடையாது. வண்டி தூக்கிப் போட்டதில் நான் ஓர மண்ணில் விழுந்தேன். அவர் தார் ரோட்டில் தலை மோத விழுந்தார். வேறு வண்டி எதுவும் எங்கள் மேல் மோதவில்லை. இதை மூன்று தடவை சொல்லிவிட்டேன். லாரி மோதியதாகச் சொல் என்று ஆஸ்பத்திரியில் சிலர் சொன்னார்கள். இல்லாத லாரிக்கு நான் எங்கே போவேன்.

அதன்பின் ஆட்கள் கூடினார்கள். அவருக்குக் கை கால் வெட்டி இழுத்தது. யாரோ இரும்பு கொடுக்கச் சொல்ல, புது வண்டிச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்து மூடினார்கள். அங்கே நின்ற யாருக்கும் அதற்குமேல் எதுவும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒரு கம்பெனி பஸ்ஸை மறித்தேன். டிரைவர், “போலீஸ் கேஸும்மா, உள்ள ஷிப்ட் ஆளுங்க கீறாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஜன்னலில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவர்களை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அதன்பின் தண்ணீர் கேன் வண்டிக்காரர் முனிரத்தினம் என்பவர் நிறுத்தி, “இன்னாய்யா பாத்துகினு நிக்கிறீங்க, தூக்குங்க” என்று சத்தம் போட்ட பிறகே என் கணவரை அந்த வண்டியில் ஏற்றினார்கள். கேன்களை ரோட்டிலேயே இறக்கிப் போட்டுவிட்டு வந்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார். ஹெல்மெட் போட்டிருந்தாரா என்று கேட்டார். அது அப்போதும் என் கையில்தான் இருந்தது. ஒரு கீறல் இல்லை. தேங்காய்கூட உடையவில்லை. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

என் மாமியார் செல்லக்கனி ஊரிலிருந்து பஸ் ஏறிவிட்டார். மகனுக்குக் காலில் அடி என்றுதான் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் சொல்ல வேண்டும். இங்கே சொன்னதுபோல வரிசையாக அவரிடம் சொல்ல என்னால் முடியாது.

நான் சொன்னபடி எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது இவ்வளவுதான், கூட்டவோ குறைக்கவோ இல்லை.

(ஒப்பம்)
பே. பாண்டிச்செல்வி