தாய்ப்பாறை

காப்பி விளைகிற ஊரில் எனக்கு டீ வாங்கித் தந்திருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். தாண்டிக்குடிக்கு இத்தனை வருஷமாக வந்து போகிறேன், ஒரு நல்ல காப்பி வாய்த்ததில்லை. விளைந்ததெல்லாம் கீழே இறங்கிவிடுகிறது போலிருக்கிறது.

மழையில் கல் உருண்டது, ஆராய்ச்சி மாணவி தாரணி நசுங்கினாள், உடனிருந்த நிலவியல் பேராசிரியர் சேனாதிபதி, அதாவது நான், மயிரிழையில் தப்பினார். உங்கள் அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது, பேப்பரிலும் அப்படியே வந்துவிட்டது. அது தவறு. அதைத் திருத்தத்தான் பழனியிலிருந்து வெள்ளனே பஸ் ஏறி வந்தேன்.

கல்லுக்கு வயது பார்ப்பதுதான் என் சோலி. பூமிக்குள் குழம்பாகக் கொதித்து இறுகிய கல்லில் ஜிர்கான் என்று பொடிப்பொடியாகப் படிகங்கள் இருக்கும். அவற்றுக்குள் யுரேனியம் மெல்ல ஈயமாகிக்கொண்டே இருக்கும். எவ்வளவு ஆகியிருக்கிறது என்று அளந்தால் கல் பிறந்த காலம் தெரியும். அதன் ரசாயனத்தைப் பார்த்தால் பிறந்த இடம் தெரியும். தாண்டிக்குடிச் சாலையோரம் நான் உடைத்தெடுத்த கல் இருநூற்றைம்பது கோடி ஆண்டுப் பழசு. சுற்றியிருந்த பாறை எதுவும் வயதில் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. ஆக, இந்த மலைக்குள் எங்கிருந்தோ நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்ட ஒரு பழங்கண்டத்தின் துண்டு இருக்கிறது என்று எழுதினேன். முதலில் சிரித்தார்கள். பிறகு அதற்கே என் பெயரை வைத்தார்கள்.

அடுத்த மாதம் ஒரு மாநாட்டுக்காகப் பல தேசத்து ஆட்கள் அந்தக் கல்லைப் பார்க்க வருவதாக இருந்தது. அதோடு நான் ஓய்வு பெறுகிறேன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி கிடையாது. அந்தக் கல்லை விட்டால் எனக்கு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

தாரணி ஒட்டன்சத்திரத்துப் பெண். அப்பா காய்கறி மார்க்கெட்டுக்கு லாரி ஓட்டுகிறார். கெட்டிக்காரி, அதை யாரும் மறுக்க முடியாது. ஒருநாள் ஆய்வகத்தில் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "சார், எங்க ஊர்ப் பக்கத்துக் குவாரிக் கல்லும் நம்ம கல்லும் ரசாயனத்துல அச்சா ஒண்ணா இருக்கு சார்." தற்செயல் என்றேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலாண்டு மாணவர்களுக்கு நான் நடத்தும் முதல் பாடம் இதுதான். சுத்தியலைத் தூக்குமுன் அது தாய்ப்பாறைதானா என்று பார். மலையோடு ஒன்றாக நிற்கிறதா, எங்கிருந்தோ வந்து கிடக்கிறதா என்று பார். உருண்டு வந்த கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்த பையன்களை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். நான் கல்லெடுத்த அன்று அடைமழை, காலெல்லாம் அட்டை. சாலைக்குக் கீழ்ச்சரிவில், கையெட்டும் தூரத்தில், படுத்த எருமை அளவில் அது பாதி புதைந்திருந்தது. மேலெல்லாம் பாசி. யாருக்குச் சந்தேகம் வரும்?

அவளுக்கு வந்தது. நேரில் தோண்டிப் பார்த்துவிடலாம் என்றாள். போன புதன்கிழமை மத்தியானம் ஜீப் டிரைவர் ஆனந்த் எங்களை அங்கே இறக்கிவிட்டார். "வெரசா முடிங்க சார், மழை கட்டி நிக்குது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அவள் கடப்பாரையால் கல்லின் கீழ்ப்பக்கம் மண்ணைப் பறித்தாள். நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். நன்றாகப் பறித்தபின் ஒரு சிறு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தோடு அடியில் நுழைந்தாள்.

"சார், அடியில பூரா மண்ணுதான் கெடக்கு. வெடி வைக்கப் போட்ட துளை பாதி அப்படியே தெரியுது சார். எங்க ஊர் மார்க்கெட்ல காய் இறக்கிட்டு எந்த லாரியும் காலியா மலை ஏறாது. ரோடு போட்டப்ப சரிவுக்கு முட்டா குவாரிக் கல்ல ஏத்திட்டு வந்திருப்பாங்க."

அவளே சொன்னாள். "பரவால்ல சார். நாமளே எழுதிச் சொல்லிருவோம். யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எனக்காக வருத்தப்பட்டாள். நான் குனிந்து முட்டுக்கல்லை உருவினேன். தேங்காய் அளவுதான் இருந்தது.

கல் அரைச்சுற்றுத் திரும்பிப் படுத்தது. இடுப்புக்குக் கீழே அவள் தெரியவில்லை. செல்போன் நொறுங்கிப் போயிருந்தது. "சார், கடப்பாரைய எடுத்து நெம்புங்க சார்" என்றாள். நியாயமான யோசனைதான், கடப்பாரை என் காலடியில்தான் கிடந்தது. ஆனால் கல் திரும்பியதில் வெடித்துளையின் தடம் மேலே வந்துவிட்டது. சாலையில் போகிற எவன் கண்ணிலும் படும். அதனால் முதலில் சுத்தியலை எடுத்தேன்.

கடினமான கல், மேடம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செதுக்க முடிந்தது. தன்னை மீட்கத்தான் உடைக்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். "அப்படித்தான் சார், வெரசா சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தடம் மறைந்தபின் நிமிர்ந்து பார்த்தேன். பேச்சு நின்றிருந்தது. அதன்பிறகுதான் சாலைக்கு ஏறி ஆட்களைக் கூப்பிட்டேன். ஆனந்த் ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, அது நடிப்பில்லை.

நீங்களே முடித்துவிட்ட வழக்கில் ஏன் வந்து மாட்டிக்கொள்கிறேன் என்றுதானே பார்க்கிறீர்கள். நேற்று மாநாட்டுக்காரர்கள் போன் செய்தார்கள். துக்கம் விசாரித்துவிட்டு, "மழைக்கே உருளுகிற கல் தாய்ப்பாறையாக இருக்காதே, அந்த இடத்தைப் பயணத்திலிருந்து எடுத்துவிட்டோம்" என்றார்கள். மழையில் கல் உருண்டது என்று போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி, மேடம். அவள் தோண்டியதைவிட ஆழமாகத் தோண்டிவிட்டது.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். முட்டுக்கல், துளை, மண் என்று சொன்னதையெல்லாம் அடித்துவிடுங்கள். மலையோடு மலையாக நின்ற பாறையை நான் கடப்பாரையால் பெயர்த்து அவள்மேல் தள்ளினேன். இந்த வயதில் தனியாளாக எப்படி முடிந்தது என்று கேட்பார்கள். வெறியில் பலம் வந்தது என்று போடுங்கள். அவளுடைய ஆய்வேட்டிலும் அந்தக் கல்தான் இருக்கிறது, அவள் பெயரும் கெடக்கூடாது பாருங்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? கொன்றேன் என்றே இருக்கட்டும். கல் தானாக உருண்டது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மேடம்.