கரி பூசிய பீரங்கி

அவைக்குத் தலைமை தாங்கும் காட்சிக் குழுத் தலைவர் அவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, கைக்குழந்தையோடு வெயிலில் நிற்கும் தாய்மார்களே, எதிரியிடம் பிடிபட்ட இந்தப் பீரங்கியைத் தொட்டுப் பார்க்க வரிசை கட்டியிருக்கும் தோழர்களே, கிரீஸ் போகாத கைகளைக் கூப்பி வணங்குகிறேன்.

நான் பேச்சாளன் அல்ல. ஆயுதப் பட்டறையில் ஃபிட்டர். பிடிபட்ட பீரங்கி வந்தால், சுட முடியாதபடி செய்து, துடைத்து, உங்கள் பார்வைக்கு அனுப்புவது என் வேலை. மூன்று மாதத்துக்கு முன் தொலைபேசி நிலையத்தில் குண்டு விழுந்ததே, அன்று பகல் ஷிப்டில் இருந்தவள் என் மனைவி.

அழாதீர்கள் அம்மா. எனக்கே இன்னும் அழுகை வரவில்லை.

"தொலைபேசி நிலையத்தைத் தகர்த்த பீரங்கி இதுதான்" என்கிறது மேலே தொங்கும் பலகை. அதை நம்பித்தான் இந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். வீட்டில் நாற்காலி பேசுமா? கொடியில் காயும் ஒற்றைத் துண்டு பேசுமா? பேசத்தான் ஆளில்லை, வெறுக்கவாவது ஒன்று வேண்டாமா?

குழலைத் திறந்து விளக்கைப் பிடித்தேன். சுட்ட குழலில், குண்டைச் சுற்றிய செம்புப் பட்டை உரசி, செம்புக் கீற்று படிந்திருக்கும். இதிலோ, தொழிற்சாலையில் தடவிய கிரீஸ் தடவியபடியே இருந்தது. இது ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை!

தலைவரிடம் ஓடினேன். "ஐயா, இது சுடவே இல்லீங்க."

"அது நமக்குள்ள இருக்கட்டும் தம்பி. ஜனங்க துவண்டு கிடக்கிறாங்க. குழல் வாயில கொஞ்சம் கரி பூசிடு. நீ மேடையேறிச் சொன்னா ஊரே நம்பும்."

பூசினேன், பெரியவர்களே! இந்தக் கையால்தான் பூசினேன். ஊருக்காகவா? இல்லை. பொய்யாகவாவது ஓர் எதிரி எனக்குத் துணையிருக்கட்டும் என்று.

நான் பொய் சொன்னால் காது சிவக்கும். அவள் சிரிப்பாள். "ஏங்க, வாய் சாப்பிட்டேங்குது, காது இல்லைங்குதே!" இன்று காலை கண்ணாடி முன் இந்தப் பேச்சை ஒத்திகை பார்த்தேன். "இதுதான் அவளைக் கொன்றது" என்றேன். காது சிவந்தது. கண்டுபிடித்துச் சிரிக்க ஆளில்லை.

என்ன அண்ணே, பின்னாலிருந்து? "அப்போ எந்தப் பீரங்கிப்பா?" என்றா? தெரியாது அண்ணே. இனித் தெரியவும் போவதில்லை.

தலைவர் அவர்களே, கோபிக்காதீர்கள். கரி பூசிய வீரம் ஒரு மழை தாங்குமா? பிடித்தோம் என்பது மெய். சுடுமுன்னே பிடித்தோம் என்பது அதைவிடப் பெரிய மெய்! இது சுட்டிருந்தால் எந்தத் தெரு? எந்த வீடு? எவருடைய மனைவி? இது வாய் திறக்காததால் எத்தனை வீட்டில் இன்னும் இரண்டு தட்டு கழுவுகிறார்கள்! அதை எழுதுங்கள் பலகையில். அதைச் சொல்லி நிமிரட்டும் இந்த ஊர்!

கைதட்ட வேண்டாம். இவ்வளவு நேரம் காது கொடுத்தீர்கள், அதுவே போதும், நன்றி, வணக்கம்.

இந்தப் பலகையை இப்போதே இறக்கப் போகிறேன். நீளமான பலகை. வீட்டில் இப்படி எதைத் தூக்கினாலும் மறுமுனையை அவள் பிடிப்பாள்.

யாராவது ஒருவர் மேலே வாருங்களேன்.