கைப்பிடியில் கட்டாத துணி

பழைய ஃபிரிட்ஜ் என்றால் எல்லோருக்கும் இளக்காரம். கொஞ்சம் தட்டிக்கொடுத்தால் அது இரண்டு நாளைக்குப் புதுசையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். முப்பது வருஷ மெக்கானிக் சொல்கிறேன், சார். பின்பக்கக் கம்பிவலைக்கு ஒரு மேசை விசிறியைக் காட்டுங்கள். குளிர் போதும் என்று மோட்டாரை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டை ஒதுக்கிவிட்டு, ஒரு துண்டு வயரில் டைரக்ட் கொடுங்கள். மோட்டார் ஓய்வில்லாமல் ஓடும். வயரை எடுக்க மறக்காமலிருக்கக் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டுவது என் வழக்கம்.

வீட்டில் அதைச் செய்யச் சொன்னவளே என் மனைவிதான். மகள் வீட்டோடு போய் இருப்பதென்று முடிவெடுத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டுச் சோற்றுக்கு நான் வரமாட்டேன் என்றேன். "வராட்டி போங்க. எனக்குப் பேரப்பிள்ளைங்க வேணும்" என்று சிரித்தாள். ஒரு வாரம் முன்பே பெட்டி கட்டுகிற ஆள் அவள். ரயிலில் தன் சர்க்கரைக்கான இன்சுலினைக் கொண்டுபோக ஐஸ் பைகள் கல்லாக உறைய வேண்டுமாம். "ஏங்க, இதைக் கொஞ்சம் முடுக்கி விடுங்களேன்."

முடுக்கிவிட்டேன். ஐஸ் பைகள் மறுநாளே உறைந்தன. வயரை எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று உங்களிடம் முதலில் சொன்னது பொய். கீழ்த்தட்டில் இன்சுலினும் உறைந்தது. உறைந்து இளகினால் அதன் வீரியம் போய்விடும். மருந்துக்கடை ஃபிரிட்ஜ்களைப் பார்த்தவனுக்கு அது தெரியும். தினமும் அவளுக்கு முன்னால் எழுந்து, குப்பியை உள்ளங்கையில் பொத்தி இளகவைத்து எடுத்துக் கொடுத்தேன். "போற நேரத்துல பாசம் பொத்துக்கிட்டு வருதோ?" என்று கிண்டல் செய்தாள்.

பாசம்தான், சார். இரண்டு நாள் முடியாமல் படுத்தால் பயணம் நின்றுபோகும், அவ்வளவுதான் என் எண்ணம். அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது.

கிளம்ப வேண்டிய நாள் காலையிலேயே வாந்தி. மூச்சு இரைத்தது. "எனக்கு என்னமோ பண்ணுதுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றாள். அங்கே ஊசி போட்டு எழுப்பி உட்காரவைத்துவிட்டால் நேரே ஸ்டேஷனுக்குத்தான் போவாள். "கொஞ்சம் படும்மா, சரியாயிடும்" என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். மதியம் பேச்சு குழறியது. என் சட்டைப்பையிலிருந்து நீங்கள் எடுத்தீர்களே, அந்தச் சிவப்புத் துணியால்தான் அவள் வாயைத் துடைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியிலேயே, என் மடியிலேயே போய்விட்டாள். "ஏம்ப்பா இவ்வளவு லேட்டு பண்ணீங்க?" என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

லேட்டெல்லாம் இல்லை, சார். ரயில் நாலு மணிக்கு. நாலு அடித்ததும் வண்டியைக் கூப்பிட்டுவிட்டேன். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை.