முன்னால் வந்து நின்ற மருத்துவருக்கு

கண்ணுக்குத் தெரியாத ஹார்மோன் கலகக்காரர்களைக் கட்டி மேய்த்த கைராசிக்காரரே! காலையில் சரியாக வந்து மாலையில் போக மறந்த மாமருத்துவரே! எங்கள் டாக்டரம்மா! பணி நிறைவு பெறும் இந்நாளில் உங்கள் எதிரில் நின்று இம்மடலை வாசிக்கிறோம். பக்கவாட்டில் நின்றால் ஒலிபெருக்கி இன்னும் தெளிவாகக் கேட்கும்தான். ஆனாலும் எதிரில்தான் நிற்போம். ஏனென்பதைப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம்.

முன்னாள் படைவீரர்களுக்கு மருத்துவம் பார்க்கும் கூட்டமைப்பில் அன்று இதயத்துக்கு ஆள் இருந்தார், எலும்புக்கு ஆள் இருந்தார், பல்லுக்கு இருவர் போட்டியே போட்டார்கள். ஹார்மோனுக்கு மட்டும் நாதியில்லை. அப்போதுதான் முன்னாள் படைவீரரான பீரங்கியார் நம் வாசலுக்கு வந்தார். ஒரு காலத்தில் அவர் தும்மினால் மூன்று தெரு தள்ளி நிற்கும் கார்கள் அலறும். அதனால் வந்த பெயர். வந்தபோதோ குரல் கம்மி, முகம் வீங்கி, ஊரே விசிறிக்கொண்டிருந்த கோடையில் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் வைத்த பால் இரண்டு நாளானாலும் திரிவதில்லை என்று அவர் மனைவி அடித்துச் சொன்னார். நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை. பார்க்க அவசியமும் படவில்லை. ஆனால், கூட்டமைப்பில் இல்லாத மருத்துவரிடம் அதன் நிர்வாகிகள் எந்த வீரரையும் அனுப்ப மாட்டார்களே!

அன்றே சேரப் புறப்பட்டீர்கள், அஞ்சாத அம்மையே! பட்டச் சான்று கேட்டார்கள், கொடுத்தீர்கள். மருத்துவப் பதிவு, தவறு நேர்ந்தால் ஈடுகட்டும் காப்பீடு, நன்னடத்தைச் சான்று, எல்லாம் கொடுத்தீர்கள். பரிசீலனை முடிவதற்குள் நம் வாசலில் நட்ட செடி மரமாகி நிழலும் தந்தது என்பார்கள்; செடி மட்டும் நிஜம். கடைசியாக, படைவீரர்களிடம் பழகுவது எப்படி என்று ஒரு வகுப்பு. அதில் நீங்கள் பாதியில் கண்ணயர்ந்ததாக ஒரு வதந்தி உண்டு. நாங்கள் நம்பவில்லை. நம்பாததற்கு எங்களிடம் ஆதாரமும் இல்லை.

சேர்ந்ததும் முதல் ஆளாகப் பீரங்கியார் வந்தார். தைராய்டு பார்க்கும் முறைப்படி நீங்கள் அவர் பின்னால் போய் நின்று, இரு கைகளையும் கழுத்தில் வைத்தீர்கள்.

அடுத்த நொடி நாற்காலி ஒரு பக்கம், ஸ்டெதாஸ்கோப் மின்விசிறியில், நீங்கள் மருந்து அலமாரியின் மேல். எப்படி ஏறினீர்கள் என்பது இன்றுவரை விளங்கவில்லை. ஏணி கொண்டுவந்துதான் இறக்கினோம். அவர் உங்கள் மேல் கை வைக்கவில்லை. சுவர் மூலையில் முதுகை ஒட்டி நின்றிருந்தார். எந்தப் போர்முனையில், எந்தக் கைகள் அவர் கழுத்தில் விழுந்தன என்று அவர் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. "மன்னிச்சிருங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர், பிறகு வரவே இல்லை.

அன்று முதலிலேயே எடுத்திருந்த ரத்தத்தின் பரிசோதனை முடிவு வந்தது. சுரப்பி ஏறக்குறைய நின்றேவிட்டது. மருந்து தொடங்காவிட்டால் நினைவு தப்பிவிடும், உயிருக்கே ஆபத்து. கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. நீங்கள் முதலில் அந்த வகுப்புக்கு மறுபடி போய், முதல் பெஞ்சில், கண் கொட்டாமல் உட்கார்ந்தீர்கள். பிறகு நேரே அவர் வீட்டுக்குப் போனீர்கள். ஜன்னலிலிருந்து தெரியும்படி தெருமுனையிலிருந்தே நடந்தீர்கள்.

"சார், நான்தான். முன்னாலதான் வரேன். கை ரெண்டும் வெளியதான் இருக்கு."

"டாக்டரை அலமாரி மேல ஏத்தினவனுக்கு என்னம்மா வைத்தியம்?"

"நீங்க ஏத்திவிட்டதாலதான் சார், அலமாரி மேல எவ்வளவு தூசின்னு பாத்தேன். அதுக்கே உங்களுக்கு நன்றி சொல்லணும்."

உள்ளிருந்து அவர் மனைவி, "போய்ட்டு வாங்களேன். வீட்டுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் போதாதா?" என்றார்.

பீரங்கியார் வந்தார். இந்த முறை அவருக்கு எதிரில் உட்கார்ந்தீர்கள். உங்களுக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய கண்ணாடி புதிதாகத் தொங்கியது. தம் முதுகுப் பக்கத்தையும் வாசலையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று. "இப்ப தொடப்போறேன் சார். வேணாம்னா சொல்லுங்க." அவர் கண்ணாடியைப் பார்த்தார், வாசலில் யாரும் இல்லை. "தொடுங்கம்மா" என்றார். மருந்து தொடங்கிய சில மாதங்களில் கம்பளி பெட்டிக்குப் போனது, குரல் திரும்பியது. மூன்று தெரு தள்ளிக் கார்கள் மறுபடி அலறின. அந்தத் தெருக்காரர்கள் மட்டும் உங்களை இன்னும் மன்னிக்கவில்லை.

பிற ஊர் ஹார்மோன் மருத்துவர்கள், கூட்டமைப்பில் எப்படிச் சேர்வது என்று உங்களிடம் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: "பட்டம், பதிவு, காப்பீடு குடுத்தா கதவு திறக்கும். உள்ள போனதும் எந்தப் பக்கம் நிக்கணும்னு அந்த வகுப்புலதான் சொல்வாங்க. தூங்கிடாதீங்க." அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர்தான் நாளை முதல் உங்கள் அறையில் அமர்கிறார். கண்ணாடியைக் கழற்ற வேண்டாம் என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை.

அன்பின் வடிவே! உடலில் உரமும் உள்ளத்தில் குறும்பும் குன்றாமல், எல்லாச் சுரப்பிகளும் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்க, நீங்கள் நெடுங்காலம் நலமோடு வாழ்க! ஏணி அதே இடத்தில்தான் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்.

நிமிர்ந்து ஒருமுறை அரங்கைப் பாருங்கள், டாக்டரம்மா. எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசையில், சுவரோடு முதுகை ஒட்டியே உட்காரும் பீரங்கியார், இன்று யாரும் கேட்காமலே முதல் வரிசை நடுவில் வந்து அமர்ந்திருக்கிறார். நாங்கள் இத்தனை பேரும் அவருக்குப் பின்னால் இருக்கிறோம். அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

என்றும் உங்கள் எதிரில் நின்று வணங்கும்,
மருத்துவமனை ஊழியர்கள் அனைவரும்