எண் அறுபத்தொன்று

எட்டுக் கேள்விகளுக்கு மேல் கேட்டால் மாணவர்கள் படிக்காமலே டிக் அடித்துவிடுகிறார்கள். அதனால்தான் நாற்பது கேள்விகளாக இருந்த என் ஆய்வுக் கேள்வித்தாளை எட்டாகச் சுருக்கினேன். மூன்று வருட வேலை. எதிலும் ஒரு குறை வந்துவிடக் கூடாது என்ற தவிப்பு ஒருவருக்கு எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த எட்டும் நான்கு நிமிடத்தில் அளந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண்; ஐந்து என்றால் ‘எனக்கு முழுக்க உண்மை’.

நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள், பாடம் கேட்க அல்ல என்பது தெரிகிறது. ஆனாலும் இது புரியாமல் ரெஜினா விஷயம் புரியாது.

ரெஜினா எங்கள் உளவியல் துறையில் இரண்டாம் ஆண்டு மாணவி. நெம்மேலிப் பெண். அப்பா ஏசுபாதம் கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மார்ச் ஒன்பதாம் தேதி நூற்றிருபது பேர் தாளை நிரப்பிக் கொடுத்தார்கள். அவள் எண் அறுபத்தொன்று. கொடுத்துவிட்டுப் போனவள் திரும்பி வந்தாள்.

“மேடம், வேற பேப்பர் ஒண்ணு கிடைக்குமா? மூணாவதுல டிக்கு கட்டத்துக்கு வெளிய போயிட்ச்சி.”

பரவாயில்லை என்றேன். அவள் நகரவில்லை. புதுத் தாளைக் கொடுத்ததும், மூச்சைப் பிடித்துக்கொண்டு குறித்தாள். எட்டிலும் ஐந்து. ‘ஒரு தவறு செய்தாலும் நான் இருப்பதில் அர்த்தமில்லை’ என்ற கடைசிக் கேள்விக்கும் ஐந்து.

இப்படி ஒரு தாள் வந்தால் அன்றைக்கே மனநல ஆலோசகரிடம் அனுப்புவேன் என்று ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தவள் நானேதான். ஜெயப்பிரியா என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அனுப்பவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கேட்டாலும் அதே ஆள் ஏறக்குறைய அதே பதிலைச் சொன்னால்தான் ஒரு கேள்வித்தாளை நம்பலாம். நடுவில் ஆலோசகர் பேசினால் பதில் மாறிவிடும். பதினான்கு நாள்தானே என்று நினைத்தேன்.

நான் கேளம்பாக்கத்தில், ஏழாவது மாடியில், தனியாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் கேன் போடுகிறவர் “மேடம்” என்று குரல் கொடுப்பார். அதோடு சரி. அந்த நாட்களில் ரெஜினாவின் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தேன். சாப்பிடும்போது எதிரில் இருக்கும். வீட்டில் இன்னொருவர் இருப்பதுபோல இருந்தது.

பதினெட்டாம் தேதி அவளே வந்தாள்.

“மேடம், ஒரு பத்து நிமிசம் பேசலாமா? அந்தக் கேள்விங்க தலைக்குள்ளயே ஓடிக்கினு கீது. தூக்கமே வர்ல.”

“இருபத்து மூணாம் தேதி திரும்ப ஒரு தாள் கொடுப்பேன்மா. அத முடிச்சிட்டு வா. எவ்ளோ நேரம் வேணாலும் பேசலாம்.”

“அதுக்குள்ள வரக் கூடாதா மேடம்?”

“கூடாதும்மா.”

“சரி மேடம். சாரி மேடம்.”

கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். அந்த வாரம் முழுக்க என் அறைக் கதவைத் தட்டியது அவள் ஒருத்திதான். உட்காரு என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இருபத்தோராம் தேதி, சனிக்கிழமை, ரெஜினா உயிரை மாய்த்துக்கொண்டாள்.

மறுநாள் நெம்மேலி போனேன். ஏசுபாதம் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“உங்களப் பத்தி வூட்ல சொல்லிக்கினே இருக்கும் மேடம். கடசியா உங்காண்ட எதுனா சொல்லிச்சா?”

“இல்லைங்க. நல்லாத்தான் இருந்தா.”

அவர் கையை விடவில்லை. யாரையோ கூப்பிட்டு எனக்கு நாற்காலி போடச் சொன்னார்.

திங்கட்கிழமை நூற்றுப்பத்தொன்பது தாள்கள் வந்தன. ஒன்று குறைந்தால் கணக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் அறுபத்தொன்று ஏன் வரவில்லை என்று நான் எழுத வேண்டியிருக்கும். எழுதினால் அவளுடைய முதல் தாளைக் கேட்பார்கள். அறைக் கதவைத் தாழிட்டு, ஒரு தாளை எடுத்து அந்த எண்ணைப் போட்டேன். அவள் என்ன குறித்திருப்பாள் என்று யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு கேள்வியாகப் படித்து, எனக்கு எது உண்மையோ அதைக் குறித்தேன். எட்டிலும் ஐந்து வந்தது. கேள்வித்தாள் சரியாகத்தான் அளக்கிறது.

தேதியிடத்தில், அவள் இருந்த ஒரு நாளைப் போடாமல், கைப்பழக்கத்தில் இருபத்து மூன்று என்று எழுதிவிட்டேன். நீங்கள் அதைத்தான் பிடித்திருக்கிறீர்கள். இறந்து இரண்டு நாளான பெண் தாள் நிரப்ப மாட்டாள்.

எழுதிக்கொள்ளுங்கள். அவள் நிலைமை முதல் நாளே எனக்குத் தெரியும். பேச வந்தவளைத் திருப்பி அனுப்பினேன். அவள் அப்பாவிடம் பொய் சொன்னேன். செத்தவள் எண்ணில் தாள் நிரப்பினேன். எதையும் மறுக்கவில்லை.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தத் தேதி ஒன்றைத் தவிர, மூன்று வருடத்தில் நான் ஒரு தவறும் செய்யவில்லை.