பெரியவர்கள் குதிக்கக் கூடாதா?

இந்த அவைக்குத் தலைமை தாங்கும், கம்பளிக் குல்லாய்க்குள்ளும் கம்பீரம் குன்றாத பனிச்சறுக்குத் தள மேலாளர் அவர்களே, எங்களை எழுப்பி எழுப்பியே இளைத்துப்போன பயிற்சியாளர் அவர்களே, முழங்கால் நீலம் பாரித்தாலும் முகம் சுருங்காத மூத்தோர்களே, பிள்ளைகளைச் சறுக்கவிட்டுக் கண்ணாடிக்கு அப்பால் மூச்சைப் பிடித்தபடி நிற்கும் தாய்மார்களே, கையில் கட்டோடு கடைசி வரிசையில் ஒளிந்திருக்கும் என் அண்ணனே, அவர் பக்கத்தில் ஒளியாமல் அமர்ந்திருக்கும் என் அண்ணியே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. பெரியவர்கள் சறுக்கலாம், சுற்றலாம், குதிக்கக் கூடாது. அது நிலைப்பதா நீங்குவதா என்று முடிவு செய்யத்தான் கூடியிருக்கிறோம். என் அண்ணன் விழுந்து மணிக்கட்டு முறிந்ததால் வந்த அறிவிப்பு அது. அதைக் கேட்டு வாங்கியவர் என் அண்ணி. அவர் முன்னால் நின்றே அதை எதிர்த்துப் பேசுகிறேன். வீட்டுக்குப் போனதும் என் கதி என்ன என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் யார்? லிஃப்ட் பழுது பார்ப்பவள். ஊரையே மேலே அனுப்புவது என் தொழில். ஆனால் ஐம்பதைத் தொட்டபின் இந்தப் பனித்தரையை விட்டு ஒரு சாண் எழும்ப நான் பட்டது நாய் படாத பாடு. முன்னோக்கிச் சறுக்கி வந்து, இடது காலால் எழும்பி, காற்றில் அரைச்சுற்றுத் திரும்பி, வலது காலில் பின்னோக்கி இறங்க வேண்டும். இருப்பதிலேயே எளிய குதிப்பு இதுதான். சின்னப் பிள்ளைகள் கதை பேசிக்கொண்டே குதிக்கிறார்கள்.

நானும் குதித்தேன். மாதக்கணக்கில் குதித்தேன். வீட்டில் சொன்னேன், வேலையிடத்தில் சொன்னேன், லிஃப்டுக்குள் சிக்கிக்கொண்டு உதவி கேட்டவர்களிடம்கூடச் சொன்னேன். ஒருநாள் பயிற்சியாளர் குனிந்து பனியைக் காட்டினார்.

"அக்கா, இங்க பாருங்க. இது உங்க காலு போட்ட கோடு. குதிச்சிருந்தா நடுவுல கோடு விட்டுப் போயிருக்கணும். இது ஒரே கோடா ஓடுது."

"அப்போ நான் குதிக்கலையா?"

"திரும்புனீங்க. கையை நல்லா வீசுனீங்க. காலு மட்டும் தரையை விடலை."

சிரியுங்கள், சிரியுங்கள். சிரிக்கிறவர்களில் பாதிப் பேருடைய கோட்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஏன் விடவில்லை? காலில் வலுவில்லையா? கற்றது போதவில்லையா? பிள்ளைகள் விழுந்த பிறகுதான் அழுகிறார்கள். நாமோ எழும்பும் அந்த ஒரு நொடிக்குள் நாளைய வேலையை நினைக்கிறோம், மாடிப்படியை நினைக்கிறோம், யார் சமைப்பது என்று நினைக்கிறோம். உடம்பு கிளம்பிவிடுகிறது, மனம் கிளம்ப மறுக்கிறது. இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். நம்மை நம்பி நாலு பேர் இருக்கிறார்கள் என்ற நினைப்பு அது.

என் அண்ணன் ரொட்டிக்கடைக்காரர். அவர் கை மாவு பிசைந்தால்தான் அந்தக் குடும்பம் நடக்கும். அன்று அவர் அருமையாக வேகமெடுத்து வந்தார், ஆனால் விழுந்தார். அவரை அழைத்துப் போன பிறகு நானும் பயிற்சியாளரும் அந்த இடத்தைப் பார்த்தோம். கோடு அறுபடவே இல்லை. மருத்துவமனையில் அவரிடமே கேட்டேன்.

"கடை ஞாபகம் வந்துச்சும்மா. வேணாம்னு நினைச்சேன். அதுக்குள்ள உடம்பு திரும்பிடுச்சு" என்றார்.

அவையோரே, அவர் குதித்து விழவில்லை. குதிக்க வந்து, குதிக்காமல் விழுந்தார். முழுதாக எழும்பி விழுபவருக்கு, கற்றபடி இடுப்பில் சரிய நேரம் இருக்கும். கால் தரையிலும் உடம்பு காற்றிலுமாக மாட்டிக்கொண்டவர் கையைத்தான் ஊன்றுவார். அந்த அறிவிப்பு வந்தபின் குதிப்பது நின்றுவிட்டதா? தளக் காவலர் அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் குதிக்கிறோம். ஒரு கண் காவலர் மேல், ஒரு கண் பனியின் மேல், பயிற்சியாளரோ பக்கத்தில் இல்லை. தயக்கத்தைத் தடுக்கிறதா அந்த அறிவிப்பு, தழைக்க வைக்கிறதா?

மேலாளர் அவர்களே, தளம் முழுவதையும் கேட்கவில்லை. ஒரு மூலை போதும். பயிற்சியாளர் அருகில் நிற்கும் நேரம் மட்டும் போதும். விழக் கற்றவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

என்ன அண்ணி? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும். "மறுபடி உடைஞ்சா நீ வந்து மாவு பிசைவியா" என்கிறீர்களா? நியாயமான கேள்வி. உடையாது என்று நான் சொன்னால் அது பொய். இத்தனை வாரமாக நீங்கள் தனியாளாக மாவோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கிறேன். உங்கள் தோள்வலி எனக்குத் தெரியும். பார்க்கப் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கிறது.

சரி, அண்ணனிடமே கேட்போம். அண்ணா, எழுந்திருங்கள். மறுபடி குதிப்பீர்களா? என்ன சொல்கிறார், கேட்டீர்களா? "அவ சரின்னா குதிக்கிறேன், வேணாம்னா விட்டுடுறேன்" என்கிறார்.

கைதட்டாதீர்கள் ஐயா. அவர் விழுந்ததே இப்படித்தான்.

இதோ, அண்ணியே எழுந்துவிட்டார். கேளுங்கள். "என்னை எதுக்கு இழுக்குறீங்க? உங்களுக்கு வேணுமா, வேணாமா? அதைச் சொல்லுங்க முதல்ல." நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, தாய்மார்களே. அண்ணன் தரையைப் பார்க்கிறார். கட்டைப் பார்க்கிறார். இப்போது அண்ணியைப் பார்க்கிறார்.

"வேணும்" என்கிறார்.

இத்தனை வருடத்தில் என் அண்ணன் தனக்கென்று ஒன்றை இப்படி நேராகக் கேட்டு நான் பார்த்ததில்லை. அண்ணி அமர்ந்துவிட்டார். அவையோரே, கொஞ்சம் அமைதி. கட்டுப்போட்ட அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்கிறார். இங்கே சரியாகக் கேட்கவில்லை, பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

"கட்டுப் பிரிச்சப்புறம்தான்" என்றாராம்.

மேலாளர் அவர்களே, எனக்கு இன்னும் நிறையப் பேச இருந்தது. அண்ணியே சொல்லிவிட்டார், முடித்துக்கொள்கிறேன். முடிவு சொல்ல வேண்டியவர் நீங்கள். குளிரிலும் எழுந்து போகாமல் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும்.