பொம்மைப் பெட்டியை ஒப்படைக்கும் முன்

மருந்துக்கடையில் காய்ச்சலையும் மன்றத்தில் காரசாரத்தையும் ஒருசேரத் தணிக்கும் எங்கள் சங்கத் தலைவர் அவர்களே! மழலைகளின் மனம் கவர்ந்த தலைமையாசிரியை அம்மையார் அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் பெரியோர்களே! வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! இன்றோடு அலுவலகத்தைப் பூட்டி ஓய்வுபெறும் எங்கள் துப்பறிவாளர் ஐயா அவர்களே! இந்தத் தையற்காரியின் தாழ்மையான வணக்கம்.

நன்றியுரை சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். "சுருக்கமா முடிச்சிடும்மா" என்றார் தலைவர். அப்படித்தான் நினைத்து வந்தேன். மேடையில் அந்த அட்டைப்பெட்டியைக் கண்டதும் மனசு கேட்கவில்லை. வீட்டு முன்னறையிலேயே அலுவலகம் நடத்திய ஐயாவின் அலமாரியில் இருந்த அத்தனை பொம்மைகளும் அதற்குள் கிடக்கின்றன. விழா முடிவில் அவற்றை மழலையர் பள்ளிக்கு வழங்குவதாகச் சங்கம் முடிவெடுத்திருக்கிறது. நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அவை அவருக்கு என்ன என்று நம்மில் ஒருவராவது கேட்டோமா?

ஊர் அவரை எப்படி அழைத்தது? பொம்மைக்காரர்! களவு போனதென்று கதறிக்கொண்டு போனாலும், கோழிப் பொம்மைக்குச் சாவி கொடுத்துக்கொண்டே கேட்பார்! சாட்சி சொல்ல வந்தவர் திகைத்து நிற்க, மேசைமேல் குதிரைப் பொம்மை குதித்து ஓடும்! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். என் வீட்டில் நாற்காலி நகரும்வரை நானும்தான் சிரித்தேன்.

ஆம், நான் தனியாக இருப்பவள். காலையில் தையற்கடைக்குப் போனால் மாலையில்தான் திரும்புவேன். ஒருநாள் ஜன்னலோரம் விட்டுப்போன நாற்காலி கதவோரம் நின்றது. இன்னொரு நாள் தண்ணீர் டம்ளர் தள்ளி இருந்தது. காவல் நிலையத்தில் சொன்னேன். "பேயெல்லாம் நாங்க பிடிக்கிறதில்லம்மா" என்றார்கள். தங்கையிடம் அழுதேன். "தனியா இருந்து இருந்து உனக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா, வீட்டைக் காலி பண்ணிட்டு வந்துடு" என்றாள். தன் கண்ணையே தான் நம்ப முடியாத பயம் எப்படிப்பட்டது தெரியுமா, தாய்மார்களே?

கடைசியில் ஐயாவின் படியேறினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "டம்ளர் எவ்ளோ தூரம் நகர்ந்திருந்துச்சு?"

"ஒரு விரற்கடை ஐயா."

நம்பிவிட்டார்! எப்படி என்று கேட்டேன்.

"நானும் தனியாதாம்மா இருக்கேன். காலையில வெச்ச டம்ளர் வெச்ச எடத்துலயே எனக்காகக் காத்துக்கிட்டிருக்கும். நாலு பேர் இருக்கிற வீட்ல இதெல்லாம் தெரியாது. நமக்குத் தெரியும்." சாவி கொடுத்த கோழியைத் தரையில் விட்டார். "அதான் இதுங்களை வாங்கறேன். என்னைக் கேக்காம ஏதோ ஒண்ணு வீட்ல நடமாடுது பாருங்க."

பிறகு என் கூடத்து மேசையில் மேளமடிக்கும் தகரக் கரடி ஒன்றை வைத்தார். "ஆளில்லாத வீட்ல பொம்மையைப் பார்த்தா எவனுக்கும் கை சும்மா இருக்காது" என்றார். நான் வேலைக்குப் போனேன். அவர் சமையலறையில் ஒளிந்துகொண்டார். மதியம் கூடத்தில் மேளம் கேட்டது. ஐயா எட்டிப் பார்த்தால், கையில் கரடியோடு நிற்கிறார் யார்? எனக்கு வீட்டை வாடகைக்கு விட்டவர்! மாற்றுச் சாவியால் திறந்து, என்னைப் பயமுறுத்திக் கிளப்பப் பார்த்தவர்!

"உடனே பிடிச்சீங்களா ஐயா?" என்றேன்.

"இல்லம்மா. கரடி அடிச்சு முடிக்கட்டும்னு நின்னேன். அந்தாளு அவ்ளோ சந்தோஷமா பார்த்துக்கிட்டிருந்தாரு. எங்கூட இன்னொருத்தர் பொம்மை பார்த்தது அன்னிக்குத்தான்."

என்ன அங்கே சத்தம்? "அவரே சரின்னு சொல்லிட்டாரும்மா" என்கிறீர்களா? சொன்னார், தம்பி. ஊர் கூடிக் கேட்டால் மறுக்கத் தெரியாதவர். ஊரார் முகத்தையெல்லாம் படித்த மனிதரின் முகத்தை, இங்கே ஒருவராவது படித்தோமா? இத்தனை காலம் அவரிடம் வழக்கைக் கொடுத்தோம், வருத்தத்தைக் கொடுத்தோம். வெறுமனே பேசிவிட்டு வரலாமென்று ஒருநாள் படியேறினோமா? இந்தப் பெட்டியையும் வாங்கிக்கொண்டால், நாளை முதல் அந்த வீட்டில் அவரைத் தவிர வேறெதுவும் அசையாது!

பிள்ளைகளுக்கு என்ன செய்வது? துணி இருக்கிறது, தையல் இயந்திரம் இருக்கிறது. ஆளுக்கொரு பொம்மை நான் தைத்துத் தருகிறேன்.

ஐயா, சபையறியக் கேட்கிறேன். இவற்றைக் கொடுக்க உங்களுக்கு மனமிருக்கிறதா? மைக்கில் சொல்லுங்கள்.

"எல்லாம் வேணாம்மா... ஒண்ணு மட்டும் எடுத்துக்கட்டுமா?"

கேட்டீர்களா, பெரியோர்களே? தன்னுடைய பொருளில் ஒன்றைத் தனக்குத் தரச்சொல்லி நம்மிடம் கேட்கிறார்!

நான் பேசி முடிக்கும் முன்பே பெட்டியை அவர் மடியில் கொண்டுபோய் வைத்துவிட்ட தலைமையாசிரியை அம்மாவுக்கு நன்றி. முறைத்தாலும் மைக்கைப் பிடுங்காத தலைவருக்கு நன்றி. சிரிப்பை நிறுத்திவிட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. ஐயா, தனியாகத் தூக்கப் பார்க்காதீர்கள், கனமான பெட்டி. இறங்கி வருகிறேன், ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன். வீடுவரை பேசிக்கொண்டே போகலாம். வணக்கம்.